தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் ஓர் அறை

ஆக்ராவுக்குப் போய்த் திரும்பியவர்கள் தாஜ்மகாலின் வெண்மையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதன்மேல் விழுந்த நிலாவைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஷாஜஹான் சக்கரவர்த்தியின் காதலைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்பதை மட்டும் அவர்களில் ஒருவரும் எழுதக் காணோம். குழந்தை குட்டிகளுடனும் வயதான பெரியவர்களுடனும் யாத்திரை கிளம்புகிற குடும்பத்துக்கோ முதலில் தெரியவேண்டிய விஷயம் அதுதான். தூக்கமில்லாத கண்ணுடனும் வலிக்கிற முழங்காலுடனும் போய் நின்றால், உலக அதிசயமானாலும் பாதி அதிசயமாகத்தான் தோன்றும். ஆகையால், தாஜ்மகாலை வர்ணிக்கும் பொறுப்பைக் கவிகளிடம் விட்டுவிட்டு, அதன் அருகில் ஜாகை தேடி நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லலாம் என்று உத்தேசம்.

நாங்கள் சென்றது ஒரு ஜனவரி மாதத்தில். எங்கள் கோஷ்டியில் நால்வர்: நாங்கள் இருவர், பதின்மூன்று வயதான எங்கள் பெண், அத்தை. எங்களில் ஒருவருக்குத்தான் அவர் உண்மையில் அத்தை என்றாலும், வீட்டில் அத்தனை பேருக்கும் அவர் அத்தைதான். வயது எழுபத்து நாலு. காது நன்றாகக் கேட்கிறது; கண் அதைவிட நன்றாகத் தெரிகிறது; முழங்கால்தான் சொன்னபடி கேட்பதில்லை.

இந்த யாத்திரையே அத்தைக்காக ஏற்பட்டது. அவர் வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் மாக்கல்லில் செய்த தாஜ்மகால் ஒன்று இருக்கிறது. உள்ளே சிறு மின்சார பல்பு. பொத்தானை அமுக்கினால் மஞ்சள் வெளிச்சம் வரும். காலஞ்சென்ற மாமா உத்தியோக காரியமாக வடக்கே போயிருந்தபோது வாங்கி வந்தது. "அடுத்த தடவை உன்னை அழைத்துப்போய் நிஜத்தைக் காட்டுகிறேன்" என்று சொன்னாராம். அடுத்த தடவை வரவே இல்லை. நடுவில் அந்தப் பொம்மையின் நாலு மினார்களில் ஒன்று ஒடிந்து, மெழுகு வைத்து ஒட்டப்பட்டுச் சற்றுச் சாய்ந்தபடியே நின்றுகொண்டிருக்கிறது. முழங்கால் இன்னும் ஒரு வருஷம் தாங்குமா என்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதும், நாங்கள் டிக்கெட் வாங்கிவிட்டோம்.

மூன்று பேட்டைகள்

ஆக்ராவில் பிரயாணிகள் தங்கும் இடங்களைப் பொதுவாக மூன்று பேட்டைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். கண்டோன்மெண்ட் ரயில்வே ஸ்டேஷனையும் சதர் பஜாரையும் ஒட்டிய பகுதி ஒன்று. ராத்திரி வண்டியில் வந்து இறங்கி, விடியற்காலை வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்கு அது சௌகரியம். சாப்பாட்டுக் கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் அங்கிருந்து தாஜ்மகால் நாலைந்து கிலோமீட்டருக்கு மேல்.

இரண்டாவது, பதேஹாபாத் ரோடு. பெரிய பெரிய ஹோட்டல்கள் எல்லாம் இந்த வீதியில்தான். லிப்டு உண்டு, வெந்நீர் உண்டு, வாசலில் தலைப்பாகை கட்டிய காவலாள் சலாம் போடுவதும் உண்டு. தாஜ்மகாலுக்குத் தூரம், ஹோட்டலைப் பொறுத்து, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரையில் இருக்கும்.

மூன்றாவது, தாஜ்கஞ்ச். தாஜ்மகாலின் தெற்கு மதிலை ஒட்டினாற்போல் சந்தும் பொந்துமாக அமைந்த பழைய பேட்டை. சிறு விடுதிகள், செங்குத்தான மாடிப்படிகள், மொட்டை மாடியில் ஒரு சிற்றுண்டிச்சாலை, அங்கே குரங்குகள் வராமல் இருக்க ஒரு கம்பி வலை. இவைதான் அதன் லட்சணங்கள்.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது, மூன்றாவது பேட்டையை நாங்கள் ஒரு நிமிஷங்கூட யோசிக்கவில்லை. பதேஹாபாத் ரோடில் ஒரு ஹோட்டல் 'தாஜ் தெரியும் அறை' என்று ஒரு படத்தைப் போட்டிருந்தது. படத்தில் வெள்ளைத் திரைச்சீலை. அதற்கு அப்பால் ஜன்னல். ஜன்னல் நிறையத் தாஜ்மகால். சாதாரண அறையைவிட வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. "அத்தை நடக்கவே வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்தபடியே காப்பி சாப்பிட்டுக்கொண்டு பார்க்கலாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு பணத்தைக் கட்டினோம். முழங்காலின் கஷ்டத்தைப் பணத்தால் தீர்த்துவிட்டோம் என்று அன்றைக்கு எங்களுக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது.

எலுமிச்சம் பழம்

டில்லியில் மூன்று நாள் தங்கிவிட்டு, வியாழக்கிழமை காலை ஆக்ராவுக்கு ரயில் ஏறினோம். வட நாட்டில் ஜனவரி மாதத்து மூடுபனி என்பது நம் மார்கழிப் பனியைப்போல் கோலம் போடுகிறவர்களின் தலையை மட்டும் நனைத்துவிட்டுப் போகிற சாது அல்ல. அது ரயிலையே நிறுத்திவிடும். எங்கள் வண்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. பகல் போஜனத்துக்கு ஆக்ரா சேர வேண்டியவர்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஹோட்டலை அடைந்தோம். தாஜ்மகாலோ சூரியாஸ்தமனத்துக்கு அரை மணி முன்னதாக மூடப்பட்டுவிடும்.

அறைக்குள் நுழைந்ததும் எங்கள் பெண் ஓடிப்போய்த் திரைச்சீலையை விலக்கினாள். எதிரே ஒரு கட்டடத்தின் பின்புறம். அதன் தலையில் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். அந்த இரண்டு தொட்டிகளுக்கு நடுவே, பனிப் புகையில், எலுமிச்சம் பழ அளவில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று.

"எங்கேடி தாஜ்மகால்?" என்று அத்தை கேட்டார்.

"அதோ, தொட்டிக்கு நடுவிலே, பாட்டி!"

அத்தை வெகு நேரம் உற்றுப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். நாளைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் போச்சு" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது என்று விசாரிக்கக் கீழே போனோம். வரவேற்பு மேஜையில் இருந்த இளைஞர் மிகுந்த மரியாதையுடன், "நாளை வெள்ளிக்கிழமை ஆயிற்றே!" என்றார்.

வாசகர்கள் இந்த இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தாஜ்மகாலின் வளாகத்தில் ஒரு மசூதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக அன்று பிரயாணிகளை உள்ளே அனுமதிப்பதில்லை. ஏழு நாளில் ஆறு நாள் திறந்திருக்கும் இடத்துக்கு ஏழாவது நாளைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்த புத்திசாலிகள் நாங்கள். அறையை வாடகைக்கு விடும்போது இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். "உங்களுக்குத்தான் அறையிலிருந்தே தெரிகிறதே!" என்று பதில் வந்தது. சனிக்கிழமை மாலை ஊருக்குத் திரும்ப ரயில். எங்களுக்கு மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான். அத்தையின் முழங்காலில் மிஞ்சியிருந்ததும் ஒரு நாள் நடைதான்.

சிறைவாசியின் ஜன்னல்

வெள்ளிக்கிழமை விடிந்தது, ஆனால் ஜன்னலில் விடியவில்லை. தாஜ்மகால் இருக்கட்டும், தண்ணீர்த் தொட்டிகளையே காணவில்லை. இரட்டிப்பு வாடகை கொடுத்து வெள்ளைச் சுவர் ஒன்றைப் பார்த்துக்கொண்டு காப்பி சாப்பிட்டோம்.

முற்பகலில் ஆக்ராக் கோட்டைக்குப் போனோம். அமர்சிங் வாசலைத் தாண்டியதும் சரிவுப் பாதை ஒன்று உண்டு. அந்தக் காலத்து யானைகளுக்கு அது உல்லாசமாக இருந்திருக்கலாம். அத்தைக்கு அப்படி இல்லை. எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு, ஐந்து இடத்தில் நின்று மேலே வந்து சேர்ந்தார். அதற்குள் பனி விலகிச் சோகையான வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. யமுனையைப் பார்த்த மதிலின்மேல் முஸம்மன் புர்ஜ் என்ற எண்கோணச் சலவைக்கல் மண்டபம் இருக்கிறது. 1658-ல் ஔரங்கசீப் தம் தகப்பனாரான ஷாஜஹானை இந்தக் கோட்டைக்குள் சிறை வைத்தார். 1666-ல் உயிர் பிரியும் வரையில், ஏறக்குறைய எட்டு வருஷம், சக்கரவர்த்தியின் வாசம் இங்கேதான். மகள் ஜஹானாரா கூடவே இருந்து பணிவிடை செய்தாள். அங்கிருந்து பார்த்தால் ஆறு வளைகிற இடத்தில், சுமார் இரண்டரைக் கிலோமீட்டருக்கு அப்பால், தாஜ்மகால் தெரிகிறது. அவர் இறந்த பிறகுதான் அவருடைய உடலை ஆற்று வழியே கொண்டுபோய் மும்தாஜின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இதையெல்லாம் நாங்கள் சொல்லச் சொல்ல, அத்தை கம்பிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம் வீட்டு அலமாரியில் இருக்கிறதே, அந்த அளவுதான் இருக்கு" என்றார் முதலில். பிறகு, "பாவம், அந்த மனுஷன்! எட்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தாரே ஒழிய, ஒரு நாள் எழுந்து போக முடியவில்லையே!" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆக்ரா நகரத்திலேயே மிக உயர்ந்த 'தாஜ் தெரியும் அறை' இதுவல்லவா? இதைவிடப் பெரிய ஜன்னலும் இதைவிட விலை கொடுத்த ஜன்னலும் வேறு எங்கே இருக்க முடியும்? ஆயினும் இதில் இருந்தவர் கைதி. நாங்களும் பணம் கொடுத்து ஒரு ஜன்னலைத்தான் வாங்கியிருக்கிறோம். நாளைக்கு அந்த ஜன்னலிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து, ஓரிடத்தில் இறக்கப்பட்டு, வேறு வண்டி மாறி, வரிசையில் நின்று, உள்ளே போவதற்குள் அத்தையின் ஒரு நாள் நடையும் தீர்ந்துவிடுமே! கோட்டையை விட்டு வெளியே வந்ததும் ஹோட்டலுக்குப் போனோம், மூட்டையைக் கட்டினோம். கட்டிய பணம் திரும்பாது என்றார்கள். திரும்பாவிட்டால் போகட்டும் என்று தாஜ்கஞ்சுக்குக் கிளம்பினோம்.

படி எண்ணிப் பார்த்தது

தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீஸல் வண்டிகளைப் பொதுவாக விடுவதில்லை. புகையினால் சலவைக்கல் மஞ்சள் பூக்கிறது என்று தொடுத்த பொதுநல வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார் 1996-ஆம் வருஷக் கடைசியில் ஒரு பிரசித்தமான தீர்ப்பை அளித்தார்கள். அந்த வட்டாரத்தில் நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகள் எரிவாயுவுக்கு மாற வேண்டும், அல்லது இடம் பெயர வேண்டும் என்பது தீர்ப்பு. ஆகவே மதிலை நெருங்க மின்சார வண்டி, சைக்கிள் ரிக்ஷா, கால் ஆகிய மூன்று வாகனங்களே உண்டு. பெரிய மோட்டார்களில் வருகிறவர்கள் கிழக்குப் பக்கத்தில் சில்ப்கிராம் என்ற இடத்தில் இறங்கி, சுமார் ஒரு கிலோமீட்டர் இப்படித்தான் வர வேண்டும். ஆனால் தாஜ்கஞ்சில் தங்குகிறவர்கள் அந்த எல்லைக்கு உள்ளேயே இருக்கிறார்கள்.

சைக்கிள் ரிக்ஷாவில் அத்தையையும் மூட்டைகளையும் ஏற்றிவிட்டு, நாங்கள் பின்னால் நடந்தோம். முதலில் பார்த்த விடுதியில் அறை சுத்தமாக இருந்தது. ஆனால் அது மூன்றாவது மாடியில். ஏணிக்குத் தங்கையான ஒரு படிக்கட்டு. இருபத்திரண்டு படி வரையில் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இரண்டாவது விடுதியில் அறை கீழேதான். ஜன்னல் என்று ஒன்று இல்லை. மூன்றாவது, ஒரு பழைய வீடு. நடுவில் முற்றம்; முற்றத்தில் ஒரு வேப்பமரம்; முற்றத்தைப் பார்த்தபடி தரைமட்டத்தில் ஓர் அறை. வீட்டுக்காரர் அறுபது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் பெரியவர். எங்களில் ஒருவர் சிறு வயதில் இந்தி பிரசார சபையின் பிராத்மிக் பரீட்சையில் தேறியவர். அந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு, "இங்கிருந்து தாஜ்மகால் தெரியுமா?" என்று விசாரித்தார்.

"அறையிலிருந்து தெரியாது. மொட்டை மாடிக்குப் போனால் தெரியும். மாதாஜியால் ஏற முடியாது. ஆனால் வாசல் பக்கந்தான்; நடந்து போகலாம்" என்றார் அவர்.

இரண்டு நாளில் எங்கள் காதில் விழுந்த முதல் உண்மை அதுதான். அறையை எடுத்துக்கொண்டோம். பதேஹாபாத் ரோடு வாடகையில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். ரஜாய் என்னும் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை ஆளுக்கு இரண்டு கிடைத்தது.

சத்திரம் கட்டிய சக்கரவர்த்தி

ராத்திரி, மண் குவளையில் தேநீர் சாப்பிட்டபடி வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, நாங்கள் தேடி வந்த இடத்தின் பெருமை எங்களுக்குத் தெரியவந்தது. தாஜ்கஞ்ச் என்பது தாஜ்மகாலைப் பார்க்க ஜனங்கள் வரத் தொடங்கிய பிறகு தானாக முளைத்த குடியிருப்பு அல்ல. தாஜ்மகாலைத் திட்டமிட்டபோதே இதையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். 1632-ல் வேலை தொடங்கியது. சமாதி மண்டபம் 1648 வாக்கில் முடிந்தது. தெற்கே முன்முற்றத்துக்கு அப்பால், வியாபாரிகளும் வழிப்போக்கர்களும் தங்குவதற்கு நாலு பெரிய சத்திரங்களையும், அவற்றின் நடுவே கடைவீதிகளையும் கட்டுவித்தார் ஷாஜஹான். மும்தாஜின் பெயரால் அந்தப் பேட்டைக்கு மும்தாஜாபாத் என்று பெயர். அந்தச் சத்திரங்களின் பெயர்கள் கட்ரா உமர்கான், கட்ரா புலேல், கட்ரா ரேஷம், கட்ரா ஜோகிதாஸ் என்று வீதிப் பெயர்களாக வழங்கிவருகின்றன. சில பழைய வாயில் வளைவுகளும் வீடுகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கின்றன.

வேடிக்கை இதுதான்: சமாதியைப் பராமரிப்பதற்கு முப்பது கிராமங்களின் வருமானத்தை மானியமாக எழுதிவைத்தார்கள். அதிலிருந்து வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். கடைகளிலும் சத்திரங்களிலும் வந்த வாடகை அதைப்போல் இரண்டு மடங்கு, இரண்டு லட்சம் ரூபாய்! அதாவது, வழிப்போக்கன் கொடுத்த சத்திர வாடகைதான் தாஜ்மகாலுக்கு விளக்கேற்றியது. சலவைக்கல்லுக்குப் பழுது பார்த்தது. வெளிநாட்டார் வந்து கூடுகிற கடைவீதிக்குப் பக்கத்தில் சக்கரவர்த்தி வேண்டுமென்றே இதைக் கட்டினார், உலகமெல்லாம் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காக, என்று அந்தக் காலத்தில் வந்துபோன தவர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி எழுதிவைத்திருக்கிறார்.

தாஜ்மகாலின் வளாகத்துக்குள்ளேயே ஒரு விருந்தினர் விடுதி உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சமாதிக்கு மேற்கே மசூதி. கிழக்கே அதற்கு ஜோடியாக அதே அச்சில் ஒரு சிவப்புக் கட்டடம். அதற்கு மெஹ்மான் கானா, அதாவது விருந்தினர் மாளிகை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கும்பெனியார் ஆட்சியில், வெள்ளைக்காரத் துரைமார்களும் துரைசானிகளும் பாண்டு வாத்தியம் வைத்துக்கொண்டு சமாதிக்கு எதிரே சலவைக்கல் மேடைமேல் நடனம் ஆடினார்களாம். பானி பார்க்ஸ் என்ற ஆங்கிலச் சீமாட்டியே அதைக் கண்டு அருவருத்து எழுதியிருக்கிறார். ஒரு தேசத்தைப் பிடித்து ஆளலாம். ஆனால் அதன் வீட்டில் விருந்தினராக இருக்கத் தெரிய வேண்டும் அல்லவா?

"இப்போது உங்கள் தொழில் எப்படி?" என்று வீட்டுக்காரரைக் கேட்டோம். அவர் சற்று நேரம் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், மதிலைச் சுற்றி 500 மீட்டருக்குள் வியாபாரமே கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டில் ஓர் உத்தரவு பிறந்தது. பேட்டை முழுவதும் கதிகலங்கிப் போயிற்று. வியாபாரிகளும் தங்கள் முறையீட்டை எடுத்துச் சென்றார்கள். உத்தரவு சொன்னபடி பேட்டை காலியாகிவிடவில்லை. நாங்கள் போனபோது கடைகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று உண்டான பயம் இன்னும் போகவில்லை என்றார். "என் தகப்பனார், பாட்டனார் எல்லாரும் இந்த முற்றத்தில்தான் பிறந்தார்கள். எங்களை எடுத்துவிட்டால் தாஜ் தனியாகிவிடும்" என்று முடித்தார். கல்லுக்குப் புகை ஆகாது என்பது நியாயமே. கல்லைக் காத்த சத்திரத்து ஜனங்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நீதிபதிகளுக்கே சிரமமான காரியம் என்று தோன்றியது.

காத்திருந்து பார்த்தது

சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து குளித்துத் தயாராகிவிட்டோம். தாஜ்மகால் சூரியோதயத்துக்கு அரை மணி முன்னதாகவே திறக்கப்படுகிறது. முதல் ஆளாக உள்ளே போய்விட வேண்டும் என்று எங்கள் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"போகாதீர்கள். கையை நீட்டினால் கை தெரியவில்லை. உள்ளே போனால் மூன்று மணி நேரந்தான் டிக்கெட் செல்லும். பனியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்" என்றார்.

ஏழு மணிக்கு மறுபடி ஏறிப் பார்த்து வந்தார்: "இன்னும் இல்லை, மாதாஜி." பேடயி என்கிற பருப்பு வைத்த பூரியும் உருளைக்கிழங்குக் கறியும் ஜிலேபியும் வரவழைத்துச் சாப்பிட்டோம். எட்டு மணிக்கு: "இன்னும் இல்லை." அத்தை முற்றத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, தைலம் தேய்த்துக்கொண்டார். பதேஹாபாத் ரோடில் இருந்திருந்தால் இந்நேரம் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தோம். இருட்டிலேயே கிளம்பி, பனியிலே நின்று, ஒன்றும் தெரியாமல் உள்ளே சுற்றி, அத்தையின் காலை ஓய்த்து, பனி விலகும் நேரத்துக்கு வெளியே வந்துகொண்டிருப்போம்!

ஒன்பதரை மணிக்கு மேலே மொட்டை மாடியிலிருந்து குரல் கேட்டது: "மாதாஜி! இப்போது!"

தெற்கு வாசல்தான் விடுதிக்கு மிக அருகில் இருந்தது. ஆனால் அதன் வழியே பிரயாணிகளை உள்ளே விடுவது நின்றுபோய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கிழக்கு வாசலுக்கோ மேற்கு வாசலுக்கோதான் போக வேண்டும். மதிலோரமாகக் கிழக்கு வாசலுக்கு நடந்தோம். அத்தையின் நடைக்கு இருபது நிமிஷம். நாங்கள் சென்ற சமயம் நம் நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். சமாதி மண்டபத்தின்மேல் ஏறிப் பார்க்க மேற்கொண்டு 200 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. தின்பண்டங்களை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம். சக்கர நாற்காலி கேட்டால் கிடைக்கும். கேட்கட்டுமா என்றோம். "நடந்தே வருகிறேன்" என்று அத்தை சொல்லிவிட்டார்.

முன்முற்றத்தைக் கடந்து, சிவப்பு மணற்கல்லில் அமைந்த பெரிய வாயிலுக்குள் நுழைந்தோம். வாயிலின் உட்புறம் இருட்டு. எதிர்ப்புறத்து வளைவில் வெறும் வெண்மை. அந்த வெண்மையில் முதலில் கும்மட்டம் மட்டும், கீழே ஒன்றும் இல்லாமல், அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. பிறகு வெயில் படப்படப் பனி இறங்கியது. மேடை தெரிந்தது. மினார்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. எலுமிச்சம் பழமும் அல்ல, அலமாரிப் பொம்மையும் அல்ல. தரையிலிருந்து கும்மட்டத்தின் உச்சி வரையில் சுமார் 73 மீட்டர் உயரம், எங்கள் எதிரே முழுதாக நின்றது.

நாங்கள் அத்தையைப் பார்த்தோம். அவர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை எண்ணுகிறீர்கள்?"

"நாலும் இருக்கு. ஒன்றும் ஒடியவில்லை" என்றார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பனியின் ஈரந்தான் என்று எங்கள் பெண்ணிடம் சொன்னார்.

மேலே ஏற அவர் ஆசைப்படவில்லை. தோட்டத்தில் மரத்தடி பெஞ்சு ஒன்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மூவரும் மேலே போய்ச் சமாதியையும், கல்லிலே கல் பதித்த பூவேலையையும் பார்த்துவிட்டு வந்தபோது, போன இடத்திலேயே, போட்ட காலோடு இருந்தார். அவ்வளவு நேரமும் என்ன பார்த்தார் என்று நாங்களும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

கிளம்புகிறவர்களுக்கு

இனிமேல் போகிற குடும்பங்களுக்கு எங்கள் அநுபவத்திலிருந்து நாலு வார்த்தை. ஆக்ராவில் இருக்கும் நாட்களில் வெள்ளிக்கிழமையை நடுவில் சேர்க்காதீர்கள். டிஸம்பர், ஜனவரியில் போவதானால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஐந்து இரவுகளில், வெள்ளிக்கிழமையும் ரம்ஜான் மாதமும் நீங்கலாக, சிறு சிறு கூட்டமாக இரவிலும் அனுமதிப்பது உண்டு. அதற்குத் தனியே டிக்கெட் வாங்க வேண்டும். 2024 மார்ச் முதல் ஆக்ராவில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. தாஜ்மகாலின் பெயராலேயே ஒரு நிலையமும், கிழக்கு வாசலின் பெயரால் ஒரு நிலையமும் இருப்பதால், தூரத்தில் தங்குகிறவர்களுக்கும் இப்போது ஓரளவு கஷ்டம் குறைந்திருக்கிறது.

ஜாகை பிடிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வாசலுக்கு எத்தனை நிமிஷ நடை? அறைக்கு எத்தனை படி? இந்த இரண்டுக்கும் நேரான பதில் சொல்லுகிறவரிடம் மூன்றாவதாக வெந்நீரைப் பற்றிக் கேட்கலாம். ஜன்னலில் என்ன தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள். பிரசித்தமான இடத்துக்குப் பக்கத்தில் தங்குவது, படுத்தபடி பார்ப்பதற்காக அல்ல. நல்ல வேளை வரும் வரையில் காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பதற்காக. வேளை வந்ததும் எழுந்து போவதற்காக. கோஷ்டியில் இளங்கண் எது என்று பாராமல், முதிர்ந்த கால் எது என்று பார்த்து அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 'தாஜ் தெரியும் அறை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் ஆக்ராவில் எத்தனையோ பேர். 'அறையிலிருந்து தெரியாது' என்று யாராவது உங்களிடம் சொன்னால், மறுபேச்சில்லாமல் மூட்டையை இறக்கிவிடுங்கள்.